படித்து முன்னேறியவன் கதை

எமது பாடசாலைகளின் பரிசளிப்பு விழாக்களில் ஒரு கதை ஆண்டுதோறும் சொல்லப்படுகிறது. கூலித் தொழிலாளியின் வீட்டில் ஒரு சிறுவன் பிறக்கிறான். வீட்டில் வறுமை. குப்பி விளக்கின் வெளிச்சத்தில் அவன் படிக்கிறான்; பரீட்சையில் சித்தியடைகிறான்; வைத்தியராகவோ பொறியியலாளராகவோ நிர்வாக அதிகாரியாகவோ உயர்கிறான். சில வேளைகளில் மேடையில் நிற்கும் பிரதம விருந்தினரே அந்தச் சிறுவன். மண்டபம் கைதட்டுகிறது. பின்வரிசையில் இருக்கும் கூலித் தொழிலாளரின் பிள்ளைகளும் கைதட்டுகின்றனர். முயன்றவன் உயர்வான் என்பது கதையின் நீதி. உயராதவன் முயலாதவன் என்பது அதனுள் மறைந்து கிடக்கும் மற்றொரு நீதி. இந்த இரண்டாவது நீதியை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆயினும் பின்வரிசைப் பிள்ளைகள் அதனை நன்றாகவே விளங்கிக்கொள்கின்றனர்.

இக்கதை மேடையோடு நின்றிருந்தால் நாம் இதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. எமது சிறுகதைகளிலும் நாவல்களிலும் வாழ்க்கை வரலாறுகளிலும் இதே கதை வேறு வேறு பெயர்களில் நடமாடுகிறது. தொழிலாளரின் துயரத்தை நேர்மையோடு எழுதும் எழுத்தாளர்கூட, நம்பிக்கையூட்டும் ஒரு முடிவு தேவைப்படும்போது, படித்த மகன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றார். உழைக்கும் குடும்பங்களின் முன்னேற்றம் பற்றிய இக்கதை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது விடுகிறது, சொல்லாது விடப்பட்டதை எமது இலக்கியம் எவ்வளவு தூரம் தொட்டிருக்கிறது என்பனவற்றை, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் கண்முன் வைத்துக்கொண்டு ஆராய்வதே எமது நோக்கம்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்நாட்டில் இரண்டு வகையான பாடசாலைகள் இருந்தன. கட்டணம் செலுத்திப் படிக்கும் ஆங்கிலப் பாடசாலை உத்தியோகத்துக்கு வழிகாட்டியது. கட்டணமின்றிப் படிக்கும் சுயமொழிப் பாடசாலை, மிஞ்சினால், சுயமொழி ஆசிரியர் என்ற நிலை வரைக்குமே கொண்டுபோய்விட்டது. வயற்கூலியின் மகன் எவ்வளவு கூர்மையான அறிவு படைத்தவனாயினும் இரண்டாவது வாயிலால் நுழைந்து முதலாவது வாயிலால் வெளிவர முடியாது. அக்காலத்துப் பிள்ளைகள் முயலவில்லை என்று சொல்ல எவருக்காவது துணிவு உண்டா? முயற்சி அன்றும் இருந்தது. வாயில்தான் அடைபட்டிருந்தது.

அவ்வாயில் தானாகத் திறக்கவில்லை. காரைதீவில் 1892-இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளை இப்பகுதியிலே வளர்த்தெடுத்து, 1929-இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். எமது பகுதிப் பிள்ளைகள் மேற்படிப்பை எட்டுவதற்கு அது ஒரு படியாயிற்று. பின்னர் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான கல்விக் குழுவின் அறிக்கை 1943-இல் வெளிவந்தது. 1945-இல் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நகரங்களுக்கு வெளியே மத்திய பாடசாலைகள் எழுந்தன. எமது மாவட்டத்தில் வந்தாறுமூலையில் எழுந்த மத்திய பாடசாலை, கிராமத்துப் பிள்ளைகளை விடுதியில் இருத்திப் படிப்பித்தது. அங்கே படித்த சி. மௌனகுரு, உழைக்கும் மக்களின் எழுச்சியை வடமோடிக் கூத்தின் ஆட்டத்திலும் பாட்டிலும் அமைத்து 1969-இல் ‘சங்காரம்’ நாடகத்தை மேடையேற்றினார். அதே வந்தாறுமூலை வளவில் 1981-இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986-இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1980-இல் பாடநூல்களும் 1993-இல் சீருடைகளும் இலவசமாயின.

இத்தனை ஆண்டுகளையும் நாம் அடுக்கிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தம் முயற்சியால் உயர்ந்தோம் என்று மேடையிலே சொல்பவர்களுள் பெரும்பாலோர் இந்த ஆண்டுகளின் பிள்ளைகள். அவர்களது தந்தையரும் பாட்டன்மாரும் அவர்களைவிடக் குறைவாக உழைக்கவில்லை. குறைவான அறிவு படைத்தவர்களும் அல்லர். ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையே வேறுபட்டது பொதுப்பணத்தில் எழுந்த பாடசாலையும், தாய்மொழியில் கிடைத்த பாடமும், கட்டணமற்ற நூலுமே. இவை சமுதாயம் செய்த காரியங்கள். ஒருவனின் வெற்றிக் கதை இவற்றைத் தின்று கொழுத்துவிட்டு, இவற்றின் பெயரையே மறந்துவிடுகிறது.

இவை சகலருக்கும் ஒரே நாளில் கிடைக்கவும் இல்லை. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தொழிலாளரின் பிள்ளைகள் தோட்டப் பாடசாலைகளிலேயே விடப்பட்டனர். அப்பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970-களிலேதான். இலவசக் கல்வி வந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னரே அது கொழுந்து பறிப்பவரின் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தது. வடக்கிலோ தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் ஏனைய பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்வதற்கே போராட வேண்டியிருந்தது.

இனி எமது வாவிக்கு வருவோம். மட்டக்களப்பை அறியாத வாசகருக்கு ஒரு வார்த்தை: வாவிக்குக் கிழக்கே கடலோரமாக நீளும் மணற்பாங்கான நிலம் எழுவான்கரை, மேற்கே வயலும் குளமும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை. களுவாஞ்சிக்குடி எழுவான்கரையில் உள்ளது. பெருந்தெரு, ஆதார வைத்தியசாலை, வங்கிகள், செயலகம், தேசிய பாடசாலை யாவும் இந்தப் பக்கத்தில். நெல் விளைவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் போரதீவு. குருமண்வெளித் துறையிலிருந்து ‘பாதை’ என்று எம்மவர் அழைக்கும் மிதவையிலே கடந்தால் மண்டூர். போடியாருக்காக வயல் செய்த முல்லைக்காரரும், விதைப்புக்கும் அறுவடைக்கும் கூலிக்குப் போன ஆண்களும் பெண்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது இந்த நிலத்திலே. 1958-இன் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரருக்குப் பாதுகாப்பளிக்க முனைந்தது; ஆயின் குத்தகையும் இல்லாத கூலியாளுக்கு அது நிலம் எதனையும் கொடுக்கவில்லை. பின்னர் இயந்திரம் வந்தது. அறுவடைக் கூலியையும் அது குறைத்தது. 1978-இன் சூறாவளியும், 2004-இன் ஆழிப்பேரலையும், முப்பதாண்டுப் போரும் இருந்த சிறு சேமிப்புகளையும் அழித்தன. 2007-இல் படுவான்கரைக் குடும்பங்கள் மாட்டையும் நெல்லையும் விட்டுவிட்டு வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்து கூடாரங்களில் இருந்தன. அந்தக் கூடாரத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் அதே பரீட்சைத்தாளுக்கே விடையெழுதின.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டப் பங்கு என்ற ஏற்பாட்டை இவ்விடத்தில் நாம் ஆராய வேண்டும். 1971-இல் மொழியை அடிப்படையாகக் கொண்டு புள்ளிகளை வேறுபடுத்தியமை தமிழ் மாணவருக்கு இழைக்கப்பட்ட அநீதி. அது ஓர் இனத்தின் இளைஞரைக் கசப்புக்குத் தள்ளியது. அதில் எமக்கு ஐயமில்லை. 1974-இல் வந்த மாவட்டப் பங்கு சற்று வேறானது. அது யாழ்ப்பாணத்துக்கு இழப்பையும், மட்டக்களப்பு, மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சில இடங்களையும் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தகுதியாலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகையாலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. மட்டக்களப்பு அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. இந்த ஏற்பாட்டினால் எமது பிள்ளைகள் நன்மையடைந்தனர் என்பதை மறைப்பது நேர்மையாகாது.

ஆயின் மாவட்டம் என்பது ஒரு வர்க்கமன்று. படுவான்கரையின் வறுமையைக் கணக்கிலே காட்டி மாவட்டம் இடங்களைப் பெறுகிறது. அந்த இடங்களிலே போய் அமர்பவர் யார்? உயர்தர விஞ்ஞான வகுப்புள்ள பாடசாலைக்கு அருகில் வீடு உள்ளவர். மாலை வகுப்புக்குக் கட்டணம் செலுத்தக்கூடியவர். ஆசிரியரின் பிள்ளை, எழுதுவினைஞரின் பிள்ளை, வணிகரின் பிள்ளை. இலங்கையின் ஏறத்தாழப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகளிலே உயர்தர விஞ்ஞான வகுப்புகள் உள்ளவை ஏறத்தாழப் பத்திலொன்று. மற்றவற்றிலே படிக்கும் பிள்ளை வைத்தியராக விரும்பினால் முதலில் ஊரைவிட்டுப் போக வேண்டும். போவதற்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலே தேற வேண்டும். ஆண்டுக்கு மூன்று இலட்சம் வரையான பிள்ளைகள் எழுதும் அந்தப் பரீட்சை ஏழைப் பிள்ளைக்காகவே உண்டாக்கப்பட்டது. இன்று அதற்கு ஆயத்தம் செய்வதே ஒரு வியாபாரமாகிவிட்டது. பத்து வயதுப் பிள்ளை பாடசாலை விட்டதும் வகுப்புக்குப் போகிறது. அங்கே போகமுடியாத பிள்ளை போட்டி தொடங்குமுன்னரே பின்தங்கிவிடுகிறது. ஏழைக்கென்று வைத்த ஏணியிலே விலைச்சீட்டு ஒட்டப்பட்டுவிட்டது.

இவ்வளவும் கடந்து ஒரு பிள்ளை உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் செலவை யார் கொடுத்தார்? எமது கதைகள் சொல்லாது விடும் முதலாவது விடயம் இதுவே. சொல்லப்படும் கதையிலே ஒரு சிறுவனும் ஒரு விளக்கும் மாத்திரமே உண்டு. உண்மையான வீட்டிலோ பலர் இருக்கின்றனர். பதினைந்து வயதிலே படிப்பை விட்டுத் தந்தையோடு வயலுக்கோ கடலுக்கோ போன மூத்தவன் இருக்கிறான். தம்பி பரீட்சைக்குப் படிப்பதற்காகச் சமையலையும் கிணற்றையும் தன் தலையிலே ஏற்றுக்கொண்ட அக்கை இருக்கிறாள். வகுப்புக் கட்டணத்துக்காகவும் வீட்டுக் கடனுக்காகவும் குவைத்துக்கும் சவூதிக்கும் பணிப்பெண்ணாகப் போன தாய் இருக்கிறாள். மற்றவருடைய பிள்ளையைக் குளிப்பாட்டி, உணவூட்டி, உறங்கவைத்து அவள் அனுப்பும் பணத்திலே அவளுடைய பிள்ளை அம்மம்மாவின் வீட்டிலே இருந்து கணிதம் படிக்கிறது. அப்படியொரு தாய் இரண்டாவது முறை புறப்படுவதற்கு முன்னர் எம்மிடம் வந்து, “என்ட புள்ளயப் பாத்துக்கொள்ளுங்க சேர், அவன் படிச்சி ஒரு ஆளாகினாக் காணும்” என்று சொல்லிப் போனாள். அவன் படித்தான். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறும் பெற்றான். உயர்தர விஞ்ஞான வகுப்புக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். விண்ணப்பம் எம்மிடமே திரும்பி வந்தது. தங்கைக்கு வீடு கட்டும் வேலைக்குக் கல்லும் சீமேந்தும் சுமக்க அவன் போய்விட்டான்.

தங்கைக்கு வீடு என்பதை வெளியூர் வாசகர் விளங்கிக்கொள்ள வேண்டும். கிழக்குக் கரையோரத்தில் மணமான பின் கணவன் மனைவியின் வீட்டுக்கு வருவது வழக்கம். ஆகவே ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றோரின் கடமை. பெற்றோரால் இயலாதபோது அது சகோதரரின் கடமை. தாய்வழிக் குடிமுறையிலிருந்து வந்த இவ்வழக்கம் பெண்ணுக்கு ஒரு கூரையையும் ஓரளவு பலத்தையும் கொடுத்தது என்பது உண்மை. ஆயின் களிமண்ணும் கிடுகும் கொண்டு கட்டிய வீடு கல்வீடாக மாறியபின், நிலமற்ற கூலிக் குடும்பத்தின் ஆண்பிள்ளைகளது இளமை முழுவதும் அந்தச் சுவர்களுக்குள்ளே போய்விடுகிறது. இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இத்தனை பேருடைய உழைப்பிலே படித்து ஒருவன் அரசாங்க உத்தியோகம் பெற்றவுடன் கல்யாணச் சந்தையிலே அவனுடைய விலை ஏறுகிறது. அவன் வசதியுள்ள வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறான். அவனுடைய சம்பளமும் செல்வாக்கும் அந்த வீட்டைச் சேர்கின்றன. செலவு செய்த வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒருவன் உயர்ந்தான், குடும்பம் உயரவில்லை. இங்கே தனிமனிதனின் முன்னேற்றத்தைக் குடும்பத்தின் முன்னேற்றம் என்று கணக்கெழுதுவது பெரும் பிழை.

சில வேளைகளிலே அந்தத் தனிமனிதனும் உயர்வதில்லை. பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. அவ்விடத்தைப் பெற்று, விஞ்ஞான வகுப்பில்லாத கிராமத்திலிருந்து கலைத்துறைக்குப் போய்ப் பட்டத்துடன் திரும்பும் இளைஞரும் யுவதிகளும் எத்தனை பேர்! 2017-இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவின் அருகே வேலையற்ற பட்டதாரிகள் நூறு நாட்களுக்கு மேலாகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். பரிசளிப்பு விழாவின் கதை வாக்களித்ததை அவர்கள் முழுமையாகச் செய்து முடித்தவர்கள். முயன்றார்கள், தேறினார்கள், பட்டமும் பெற்றார்கள். அதற்குப் பின் கதையிலே என்ன எழுதியிருக்கிறது?

இந்த வாழ்க்கையை எமது இலக்கியம் எவ்வாறு பார்த்தது? கிழக்கிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ என்ற சிறுகதை, அதே பெயருள்ள தொகுதியில் 1962-இல் வெளிவந்தது. மீனவக் குடும்பத்து இளைஞன் ஒருவனின் கனவு அது. அவன் பெரிய உத்தியோகத்தைக் கனவு காணவில்லை. தனக்கென்று ஒரு தோணியையே கனவு காண்கிறான். சொந்தத் தோணி உள்ளவனுக்கே விரும்பிய பெண்ணும் போய்ச் சேருகிறாள். தோணியில்லாதவன் தோணியில்லாதவனாகவே நிற்கிறான். வர்க்கம், சுரண்டல் என்ற சொற்களைத் தூக்கிப்பிடிக்காத கதை இது. ஆயினும் உழைக்கும் குடும்பத்தின் முன்னேற்றத்துக்குத் தடை எங்கே இருக்கிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. தடை சோம்பலில் இல்லை, அறியாமையில் இல்லை. உழைப்பவனுக்கு உழைப்புக்கருவி சொந்தமில்லை என்பதே தடை. இக்கதையில் ‘படித்த மகன்’ இல்லாமை ஒரு குறையன்று. அதுவே இக்கதையின் நேர்மை.

மற்றொன்று யாழ்ப்பாணத்திலிருந்து. சிகையலங்காரத் தொழில் செய்த குடும்பத்தில் 1927-இல் பிறந்த டொமினிக் ஜீவா, வகுப்பறையிலே ஆசிரியர் ஒருவரின் சாதி இழிசொல்லால் புண்பட்டுப் பள்ளியை விட்டு நீங்கியவர். தொழிலகத்தில் இருந்துகொண்டே எழுதினார். 1960-இல் வெளிவந்த ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966-இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். 1999-இல் வெளிவந்த அவரது சுயசரிதையின் முக்கியத்துவம் யாது? தம் தொழிலை விட்டு ஓடி உயர்ந்தவராக அவர் தம்மைக் காட்டவில்லை. தம் தொழிலையும், தம் மக்களையும், தம்மை வளர்த்த இயக்கத்தையும் உடன் அழைத்துக்கொண்டே நிமிர்கிறார். பரிசளிப்பு விழாக் கதைக்கு நேர் எதிரான கதை இது. அங்கே பள்ளிக்கூடம் ஏழையை உயர்த்துகிறது; இங்கே பள்ளிக்கூடம் அவனை வெளியே தள்ளுகிறது, தோழர்கள் தூக்கி நிறுத்துகின்றனர்.

தமிழ்நாட்டிலே 2002-இல் வெளிவந்த ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ நாவலையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். தலித் கிறிஸ்தவ இளைஞன் ஒருவன் படிக்கிறான், பட்டங்கள் பெறுகிறான், வேலைக்கு அலைகிறான். இறுதியில் இடஒதுக்கீட்டின் பயனைப் பெறுவதற்காகவே மதத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய நிலைக்கு வருகிறான். இந்த நாவலில் அழுகையைவிட எள்ளலே அதிகம். படிப்பு சாதியைக் கழுவிவிடும் என்று நம்பியவன், படிப்பின் ஒவ்வொரு படியிலும் சாதி தனக்கு முன்பாகவே போய் அமர்ந்திருப்பதைக் காண்கிறான். எமது கரையிலே சாதியின் வடிவம் வேறு. ஆயினும் பட்டம் பெற்றவனின் இந்த ஏமாற்றம் காந்தி பூங்காவருகே இருந்தவர்களுக்கு அந்நியமானதன்று.

வெளிநாட்டிலிருந்து இரண்டு பெயர்கள் போதும். பிரெஞ்சு எழுத்தாளர் அன்னி எர்னோ, 2022-இல் நோபெல் பரிசு பெற்றவர், ‘இடம்’ எனப் பொருள்படும் தலைப்பில் தம் தந்தையைப் பற்றி 1983-இல் ஒரு சிறு நூல் எழுதினார். தாம் ஆசிரியத் தகுதிப் பரீட்சையிலே தேறிய நாளுடன் நூலைத் தொடங்குகிறார். அடுத்து, இரண்டு மாதங்களின் பின் நிகழ்ந்த தந்தையின் மரணத்துக்குப் போகிறார். பண்ணைக் கூலியாகவும் ஆலைத் தொழிலாளியாகவும் இருந்து சிறுகடை வைத்த அத்தந்தைக்கும், படித்த மகளுக்கும் இடையே பேச்சு எப்படி வற்றிப்போயிற்று என்பதே நூலின் பொருள். தான் உயர்ந்ததை அவர் வெற்றியாகவும் எழுதவில்லை, புலம்பலாகவும் எழுதவில்லை. ஒரு கணக்காக எழுதுகிறார். இரண்டாமவர் வேல்ஸ் நாட்டுப் புகையிரதச் சைகைக்காரரின் மகனான ரேமண்ட் வில்லியம்ஸ். 1958-இல் வெளிவந்த ‘பண்பாடும் சமுதாயமும்’ என்ற நூலில், முன்னேற்றத்தை ஏணியாக உருவகிப்பதை அவர் கண்டித்தார். ஏணியிலே ஒருவர் தனியாகவே ஏற முடியும்; ஆதலின் ஏணியைக் கொடுப்பவர், சேர்ந்து உயரும் எண்ணத்தையே ஏழையின் மனத்திலிருந்து பிடுங்கிவிடுகின்றார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இப்போது எமது குறைக்கு வருவோம். கிழக்கின் நவீன இலக்கியத்தை ஆக்கியவர் யாவர்? வ. அ. இராசரத்தினம் ஆசிரியர். நீலாவணன் ஆசிரியர். மட்டக்களப்பில் நெடுங்காலம் வாழ்ந்த எஸ். பொன்னுத்துரை ஆசிரியர். மருதூர்க்கொத்தன் ஆசிரியர். சண்முகம் சிவலிங்கம் ஆசிரியர். எம். ஏ. நுஃமான் ஆசிரியராகத் தொடங்கிப் பேராசிரியரானவர். சுயமொழிக் கல்வியும் ஆசிரியர் கலாசாலையும் இல்லாவிடில் இந்த இலக்கியத்தின் பெரும்பகுதி தோன்றியே இராது. ஆசிரியத் தொழிலே கிராமத்துப் பிள்ளை எட்டிய முதற்படி. அப்படியிருந்தும், அந்தப் படியிலே ஏறியதன் கதையை, யாருடைய தோளை மிதித்து ஏறினோம் என்ற கதையை, ஆசிரியராகிய எம்மவர் போதியளவு எழுதவில்லை. விவசாயியை எழுதினோம், மீனவனை எழுதினோம். அவர்களை வெளியே நின்று பார்த்து எழுதினோம். எழுதும் கை அந்த வீட்டிலிருந்து எப்போது, எந்த விலைக்கு வெளியே வந்தது என்பதை எழுதக் கூசினோம். வயலுக்குப் போன அண்ணன் எமது கதைகளிலே இரக்கத்துக்குரிய பாத்திரமாக வருகிறான். கடன் கொடுத்தவனாக வருவதில்லை. மத்திய கிழக்குக்குப் போன தாயோ, பிள்ளைகளைத் தவிக்கவிட்டவளாக, குடும்பம் சீரழியக் காரணமானவளாகவே பெரும்பாலும் வருகிறாள். ஒரு தலைமுறையின் கல்விக்கு நிதியளித்தவளாக அவளைப் பார்க்கும் கண் எமக்கு இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை.

நாம் சொல்வதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது: ஏழைப் பிள்ளைக்கு நம்பிக்கை வேண்டாமா, தடைகளையே சொல்லி அதன் ஊக்கத்தைக் கெடுக்கலாமா என்பது. இது நியாயமான கேள்வி. வகுப்பறையில் நிற்கும் எவரும் இதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. படி என்றே நாமும் தினமும் சொல்கிறோம், இனியும் சொல்வோம். ஆயின் நம்பிக்கை வேறு, பொய் வேறு. “நீ முயன்றால் போதும்” என்று சொல்லப்பட்ட பிள்ளை தோற்கும்போது தன்னையே வெறுக்கிறது. எந்த வாயில் எவரால் அடைக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்த பிள்ளை தோற்றாலும் தலைநிமிர்ந்து நிற்கிறது. அடுத்த பிள்ளைக்காக அந்த வாயிலைத் தட்டவும் தொடங்குகிறது. 1945-ஐ உண்டாக்கியது இந்த இரண்டாவது வகை நம்பிக்கையே.

இரண்டாவது மறுப்பு இலக்கியக்காரரிடமிருந்து வருவது. கதை என்பது சமூகவியல் அறிக்கையா, புள்ளிவிபரமா என்று அவர்கள் கேட்பர். அல்ல என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். கோட்பாட்டுக்குப் பாத்திரங்களைப் பலியிட்ட கதைகள் முற்போக்கு முகாமிலும் உண்டு. அவை இன்று வாசிக்கப்படுவதில்லை. ஆயின் படித்து முன்னேறியவன் கதையும் ஒரு கோட்பாட்டுக் கதைதான். அதுவும் வீட்டிலுள்ள நால்வரை அழித்துவிட்டு ஒருவனைக் காட்டுகிறது. யதார்த்தம் வேண்டுமென்று கேட்பவர் அந்த நால்வரையும் வீட்டுக்குள்ளே திருப்பிக் கொண்டுவர வேண்டும். அவ்வாறு கொண்டுவந்தால் கதை அறிக்கையாகாது, ஆழமான கதையாகும். படித்த தம்பி சம்பந்தம் பேசி வந்திருக்கும் வீட்டுக்கு வயற்சேறு காயாத காலோடு அண்ணன் போகும் காட்சியில் எவ்வளவு நாடகம் இருக்கிறது! பத்தாண்டுகள் கழித்து ஊர் திரும்பிய தாய், தன் பணத்திலே படித்த மகளின் சான்றிதழை வாசிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் காட்சியை எந்தப் புள்ளிவிபரம் எழுதும்?

எழுத்தாளருக்கு இவ்வளவு சொன்னோம். ஆசிரியராகிய எமக்கும் சொல்ல வேண்டியது உண்டு. இலவசக் கல்வியால் உயர்ந்த எம்முள் பலர் காலையில் வகுப்பறையில் சுருக்கிச் சொன்ன பாடத்தை மாலையில் கட்டணத்துக்கு விரித்துச் சொல்கிறோம். 2022-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஆசிரியரின் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை என்பது உண்மை. அதற்காகச் சங்கமாகச் சேர்ந்து போராடுவது எமது உரிமை. ஆயின் அந்தப் பற்றாக்குறையை வயற்கூலியின் மடியிலே கைவிட்டு நிரப்புவது நியாயமாகாது. ஏறியவரே ஏணியின் அடியில் நின்று வரி வாங்கும் காட்சி இது. தம் வகுப்பு மாணவரிடம் தாமே கட்டணம் வாங்குவதில்லை என்று ஆசிரியர்கள் தீர்மானிக்கலாம். வாரத்தில் ஒரு மாலை வாவியைக் கடந்து போய்ப் படுவான்கரைப் பாடசாலையொன்றில் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுக்கலாம். விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாத பாடசாலைகளின் பட்டியலைப் பெற்றோரோடு சேர்ந்து தயாரித்து வலயக் கல்வி அலுவலகத்தின் முன் வைக்கலாம். இவை பெரிய புரட்சிகள் அல்ல. ஆயினும் இவற்றைச் செய்யாத நாம் புரட்சி பற்றி எழுதினால் எவரும் நம்பமாட்டார்.

மாணவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலே உங்களுக்காகப் படிப்பை நிறுத்தியவர் யார் என்று கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த வகுப்பிலே, என்ன காரணத்தால் என்று கேட்டு எழுதிவையுங்கள். அவர் வாய்மொழியில் சொன்னபடியே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். அப்படி எழுதப்படும் நூறு ஏடுகள் இப்பகுதியின் உண்மையான கல்வி வரலாறாக அமையும். அடுத்து வரும் நாவலாசிரியருக்கும் அவையே மூலப்பொருளாகும். அடுத்த பரிசளிப்பு விழாவிலே பிரதம விருந்தினர் தம் கதையைச் சொல்லும்போது, அந்த அண்ணனின் பெயரையும் அக்கையின் பெயரையும் மேடையிலிருந்தே சொல்லட்டும். பின்வரிசைப் பிள்ளைகள் அதைக் கேட்க வேண்டும்.